அஞ்ஞானிகள் பாடசாலை

ஒரு சமயத்தைப் பிறர்க்குக் கற்பிக்கப் புகுவார், தம்பாற் கற்க வந்தாரை எவ்வாறு கருதுகின்றனர் என்பதே அச்சமயப் பயிற்சியின் தகுதியை அளக்கும் அளவுகோலாம். நூல்களின் பரப்பும், மாணாக்கரின் தொகையும், செலவிட்ட பொருளும் அளவுகோல் ஆகா. என்னை? கற்ற பாடத்தை மெய்யென்று நம்பிய மாணாக்கன், அதன் பயனை ஆசிரியரிடமே வேண்டி நிற்குங் காலம் ஒன்று வரும். அக்காலத்து ஆசிரியர் கொடுக்கின்றனரோ மறுக்கின்றனரோ என்பதனாலேயே அப்பாடம் நெஞ்சிற் பதிந்ததோ நாவளவில் நின்றதோ என்பது வெளிப்படும். இதற்கு அமெரிக்க ஐக்கிய நாட்டின் கனெக்டிகட் மாநிலத்துக் கார்ன்வால் என்னும் சிற்றூரில் நிகழ்ந்த வரலாறு தக்கதொரு சான்றாகும்.

யாழ்ப்பாணத்தில் 1816இல் வந்திறங்கிய அமெரிக்க மிஷனாரிமாரை அனுப்பிய சங்கம் 1810இல் நிறுவப்பட்டது. அச்சங்கத்தாரே 1817இல் கார்ன்வாலில் ஒரு பாடசாலையைத் திறந்தனர். ஹவாய் முதலிய பசிபிக் தீவினரும், சீனரும், அமெரிக்கப் பழங்குடிகளாகிய செரோக்கி முதலிய இனத்தாரும் ஆக ஏறக்குறைய நூற்றுவர் இளைஞர் அங்குப் பயின்றனர். அவர்களைக் கிறித்தவராக்கி, போதகராகவும் ஆசிரியராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் மருத்துவராகவும் பழக்கித் தத்தம் நாடுகளுக்குத் திருப்பியனுப்புதல் சங்கத்தாரின் கருத்து. பாடத்தோடு வயல் வேலையும் மாணாக்கர்க்கு விதிக்கப்பட்டிருந்தது. அயல்நாட்டு மிஷன் பாடசாலை என்பது அதன் பெயர். ஆயினும் ஊரார் நாவில் அஃது அஞ்ஞானிகள் பாடசாலை என்றே வழங்கிற்று.

இப்பெயரே முதற்கண் ஆராயற்பாலது. அஞ்ஞானி என்னுஞ் சொல்லை மிஷனாரிமார் தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் தாராளமாக வழங்கினர். அவர் கருத்தின்படி, கடலுக்கு இப்பாற் பிறந்தவன் அஞ்ஞானி. அப்பாற் பிறந்து ஞானஸ்நானம் பெற்றவன் ஞானி. சித்தாந்தமோ இவ்வாறு கூறிற்றிலது. அஞ்ஞானம் என்பது ஆணவமலத்தின் மறைப்பு. அது செம்பிற் களிம்புபோல உயிர்கள் அனைத்தையும் அநாதியே பற்றி நிற்பது. அதற்கு நாடுமில்லை, நிறமுமில்லை, மொழியுமில்லை. கற்பிக்கும் ஆசிரியனையும் கற்கும் மாணாக்கனையும் அஃது ஒப்பவே பற்றுவது. பக்குவத்தால் அதன் வலி குறைதலும் மிகுதலுமே வேறுபாடு. எனவே, ஒரு கட்டடத்தினுள் ஒரு சாராரை அஞ்ஞானிகள் என்றும் மற்றொரு சாராரை ஞானிகள் என்றும் பிறப்பு நோக்கிப் பிரித்து இருத்தியபொழுதே அப்பாடசாலை தவறான அடிப்படைமீது எழுந்துவிட்டது. பின்னர் நிகழ்ந்தன யாவும் அவ்வடிப்படையின் விளைவுகளே.

அப்பாடசாலையின் முதற்புகழுக்குக் காரணராயிருந்தவர் ஹவாய்த் தீவினராகிய ஓபுக்காஹாயா என்னும் இளைஞர். போரிற் பெற்றோரை இழந்த அவர், குடும்பத்துப் பூசகர் ஒருவரிடம் வளர்ந்து வழிபாட்டு மந்திரங்களைப் பயின்றவர். மனத்துயர் ஆற்றமாட்டாது கப்பலேறி, 1809இல் நியூ ஹேவன் நகரை அடைந்தார். அங்கு யேல் கல்லூரியின் படிக்கட்டில் அமர்ந்து, தமக்குக் கல்வி தருவார் இலரே என்று அழுதனர் என அவர் வரலாறு கூறும். கல்வி கிடைத்தது. தம் தாய்மொழிக்கு எழுத்து முறையும் இலக்கணமும் வகுக்க முயன்றார். 1818இல் ஏறக்குறைய 26 ஆண்டு அகவையில் கார்ன்வாலிலேயே சுரநோயால் இறந்தார். அவர் சரிதம் அவ்வாண்டிலேயே நூலாக அச்சிடப்பட்டு நாடெங்கும் பரவிற்று. அதனாற் கிளர்ந்த ஊக்கத்தாலன்றோ 1819இல் ஹவாய்க்கு முதல் மிஷன் கப்பல் புறப்பட்டது! அவர் உடல் அயல்மண்ணிற் கிடந்து, 1993ஆம் ஆண்டிலேதான் தாயகம் சேர்க்கப்பட்டது. கல்விக்காக அழுத ஓர் உயிரின் தாகம் மெய்யானது, வணங்கத்தக்கது. ஆனால் அத்தாகத்தைத் தணித்தவர், அவர் முன்பு பயின்ற வழிபாட்டை விடத்தக்கதோர் இருளாக மட்டுமே எண்ணினர். இறைவனைத் தேடும் வேட்கையை அவ்வுயிரில் அவ்வழிபாடே முளைக்கச் செய்திருக்கக் கூடுமென்னும் எண்ணம் அப்பாடசாலைக் கொள்கையில் இடம்பெறவில்லை.

இனி, பெயர் மாற்றும் வழக்கம் ஒன்று. செரோக்கி இளைஞர் ஒருவர் கார்ன்வாலுக்குப் பயில வந்த காலத்து, அமெரிக்க வேதாகமச் சங்கத்தின் தலைவராயிருந்த எலையாஸ் பௌதினோ என்பாரின் பெயரைத் தம் பெயராக ஏற்றனர். பாடசாலையில் அவர் அப்பெயராலேயே விளங்கினார். யாழ்ப்பாணத்து மிஷன் பள்ளிகளிலும் மாணாக்கர்க்கு அமெரிக்க உபகாரிகளின் பெயர்கள் இடப்பட்டமை யாவரும் அறிந்ததே. 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியிற் பயின்று, கிங்ஸ்பெரி என்னும் பெயர் பூண்டிருந்தவரே பின்னர்ச் சைவராகத் திரும்பி, 1887இற் கலித்தொகையை அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள். பெயரை மாற்றினார்க்கு உள்ளத்தை மாற்றல் எளிதாயிற்றிலது என்பதற்கு அவர் சரிதம் ஒன்றே சாலும்.

பெயரும் உடையும் மொழியும் வழிபாடும் மாறியபின், மாணாக்கர் முற்றும் உடன்பிறந்தாராகக் கொள்ளப்பட்டனரோ எனின், அதற்குரிய சோதனை 1824இல் வந்தது. ஜான் ரிட்ஜ் என்னுஞ் செரோக்கி மாணாக்கர் நோயுற்றிருந்தபோது, பாடசாலை விடுதிக் கண்காணிப்பாளரின் வீட்டில் அவர்க்குப் பணிவிடை நிகழ்ந்தது. அக்கண்காணிப்பாளரின் மகளாகிய சாரா நார்த்ரப் அவரை விரும்பினாள். அவ்வாண்டின் தொடக்கத்தில் இருவர்க்கும் மணம் நிகழ்ந்தது. ஊர் கொதித்தது. செய்தித்தாள் பழித்தது. மணமக்கள் அச்சத்தோடு ஊரைவிட்டு அகல நேர்ந்தது. 1825இல் மேற்கூறிய பௌதினோவும் அவ்வூர்ப் பெருங்குடி மகளாகிய ஹாரியட் கோல்ட் என்பாளும் மணஞ்செய்ய உடன்பட்ட செய்தி வெளிவந்தது. பாடசாலையின் பொறுப்பாளர்கள், அவருட் பெரும்புகழ் வாய்ந்த போதகராகிய லைமன் பீச்சரும் ஒருவர், அம்மணத்தைக் குற்றமென்று கண்டித்து அறிக்கை வெளியிட்டனர். ஊர்ப் பொதுவெளியில் அவ்விருவர் உருவப் பாவைகளும் தீயிடப்பட்டன. தீயை மூட்டியவன் அப்பெண்ணின் உடன்பிறந்தவனே! 1826ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் மணம் நிகழ்ந்தது. அவ்வாண்டிலேயே பாடசாலை மூடப்பட்டது.

ஈண்டுக் கருதுக. பௌதினோ செய்த குற்றம் யாது? அவர் கிறித்தவரல்லரோ? ஆங்கிலம் கற்றிலரோ? ஒழுக்கத்திற் குறைந்தனரோ? இவற்றுள் ஒன்றுமில்லை. தம் நாடு திரும்பி, 1828இற் செரோக்கி மொழியிலும் ஆங்கிலத்திலும் வெளிவந்த முதற் பத்திரிகையை நடத்தியவர் அவரே. மானிடர் அனைவரும் ஒரு தந்தையின் மக்கள் என்று ஆசிரியர் கற்பித்ததனை அவர் மெய்யென்று நம்பினார். அதுவே அவர் குற்றம். அஞ்ஞானிகளைத் திருத்த எழுந்த பாடசாலையில், அஞ்ஞானம் யாரிடத்து இருந்தது என்பதனை 1825ஆம் ஆண்டின் தீச்சுடர் நன்கு விளக்கிவிட்டது.

இனி இதன்மேல் எழுந்து நிற்குந் தடைகளை நோக்குவாம் என்பார்க்கு விடை கூறப்படும்.

அது சிற்றூர் மாக்களின் அறியாமையேயன்றிச் சமயத்தின் குற்றம் அன்று என்பது முதற் றடை. சிற்றூர் மாக்கள் மட்டுமே கொதித்திருப்பின் இத்தடை பொருந்தும். அறிக்கையிட்டவர் பாடசாலையை நடத்திய போதகர்களாதலின் பொருந்தாது. ஆயினும் நடுநிலை பிறழாது கூறுங்கால், சங்கத்தின் செயலாளராகிய ஜெரமையா எவர்ட்ஸ் அவ்வறிக்கையை ஏற்காது வருந்தினார் என்பதும், ஹாரியட்டின் பெற்றோர் முதலில் மறுத்தும் பின்னர் உடன்பட்டனர் என்பதும் மறைக்கற்பாலன அல்ல. தம் வேதத்தின் கருத்தை அச்சிலரே உணர்ந்தனர். பாடசாலையோ உணரவில்லை. ஈண்டுச் சாட்டப்படுங் குற்றம் பாடசாலையின்மேலதே.

ஊணும் உடையும் கல்வியும் கொடுத்தாரை இவ்வாறு பழித்தல் நன்றிகோறலாம் என்பது இரண்டாந் தடை. கொடை கொடையே. அதனை மறுப்பார் இலர். எனினும், ஓர் உயிரைத் தன்பொருட்டன்றித் தன் கருமத்துக்கு ஒரு கருவியாகக் கொண்டு ஊட்டுதல் கொடையாகாது, அது முதலீடு. கருவி தன்னை மகனென்று கூறியபொழுது முதலாளிக்குச் சினம் பிறந்தமையே இவ்வேறுபாட்டைக் காட்டும்.

சைவரும் பிறசமயங்களைப் புறப்புறம், புறம், அகப்புறம், அகம் என வகுத்து இழித்தனரன்றோ என்பது மூன்றாந் தடை. அற்றன்று. அப்பாகுபாடு கொள்கைகளைப் பற்றியது. மக்களின் பிறப்பைப் பற்றியதன்று. ஒவ்வொரு சமயமும் உயிர் ஏறிவரும் ஒவ்வொரு படியென்றும், அப்படிதோறும் நிறுத்தி நடத்துவது இறைவன் திருவருளேயென்றும் சித்தாந்தம் கூறும். மேற்படியில் நிற்பவன் கீழ்ப்படியை இடிப்பானாயின் தான் ஏறிவந்த வழியையே இடித்தவனாவான்.

இம்மூன்று தடையும் நீங்கின. ஆயினும் நான்காவதொரு வினா எஞ்சி நிற்கின்றது. அஃது அயலார் கேட்பதன்று. சைவர் தம்மைத் தாமே கேட்கவேண்டுவது. கார்ன்வாலுக்கு வந்த சோதனை சைவர்க்கு வரின் அவர் தேறுவரோ?

நூலளவில் நோக்கின், சைவத்தின் விடை இணையற்றது. ஆதிசைவ மரபினராகிய சுந்தரமூர்த்தி சுவாமிகளுக்குப் புத்தூரில் அம்மரபிலேயே வகுத்த திருமணத்தை ஓலை காட்டித் தடுத்தவர் சிவபெருமான். உருத்திரகணிகையர் குலத்துப் பரவையாரைத் திருவாரூரிலும், வேளாண் குலத்துச் சங்கிலியாரைத் திருவொற்றியூரிலும் அவர்க்குக் கூட்டுவித்தவரும் அப்பெருமானே. ஊடல் தீர்க்க நள்ளிரவில் தூது நடந்தவரும் அவரே. ஆரூர் அடியார் பாவை கொளுத்தவில்லை, மணவினை நடத்தினர். கயிலையிற் கமலினியாரும் அனிந்திதையாருமாய் இருந்தவராதலின் அது பிறர்க்கு எடுத்துக்காட்டாகாது என்பாரும் உளர். மண்ணுலகிற் பிறந்த குலங்களை மறைக்கவேண்டுமென்று சேக்கிழார் சுவாமிகள் கருதியிருப்பின், அவற்றை அத்துணை விளக்கமாகக் கூறியிரார் என்க. இன்னும், திருநீலநக்க நாயனார் என்னும் அந்தணர், திருநீலகண்ட யாழ்ப்பாணர்க்கும் அவர் மனைவியார்க்கும் தம் மனையின் வேள்வி வேதிகையின் அருகே துயிலிடம் அளித்தபோது, வேதிகைத்தீ அணையவில்லை. வலஞ்சுழித்து ஓங்கி எரிந்தது. கார்ன்வாலின் தீ மணமக்களின் பாவையை எரித்தது. சாத்தமங்கையின் தீ விருந்தினரைக் கண்டு மகிழ்ந்தது. இரண்டு தீக்கும் உள்ள வேறுபாடே இரண்டு பாடத்துக்கும் உள்ள வேறுபாடாம்.

ஆனால் நடைமுறையை நோக்குவார்க்கு இப்பெருமிதம் நில்லாது. திருநாளைப்போவார் சரிதத்தை நூற்றாண்டுகளாகக் கண்ணீர் மல்க ஓதிவந்த நாட்டிலே, அவர் குலத்தார்க்குத் திருக்கோயிற் கதவந் திறக்க 1939இல் மதுரையிலே ஆலயப் பிரவேசம் நிகழவேண்டியதாயிற்று. 1947இற் சென்னை மாகாணத்திலே சட்டம் வேண்டியதாயிற்று. சரிதம் செய்யாததைச் சட்டம் செய்தது. தீக்கை கொடுத்துத் திருநீறு அளித்து, நீயும் சிவனடியான் என்று கூறியபின், பந்தியில் அமருங்கால் எக்குலம் என்று வினவுவார் இன்னும் இலரோ? பெரியபுராண விரிவுரையிற் சங்கிலியார் திருமணத்தை இனிமையாக எடுத்துரைத்து, தம் இல்லத்துத் திருமணத்திற்கு அவ்வொழுக்கம் ஆகாதென்பார் இலரோ? இவர் யாவரும் கார்ன்வாலுக்குச் செல்லாமலே அப்பாடசாலையிற் பயின்றவராவர். கார்ன்வாலாரிடம் விடை இல்லாமையின் பிழைத்தனர். விடையைக் கையில் வைத்துக்கொண்டு பிழைப்பாரின் குற்றம் அதனினும் பெரிது.

மிஷனாரிமார் கடல் கடந்தனர், அயல்மொழி கற்றனர், போதகரைப் பயிற்றப் பள்ளி அமைத்தனர். இவ்வூக்கம் சைவர் கைக்கொள்ளத்தக்கது. சித்தாந்த சாத்திரமும் திருமுறையும் பயிற்றும் பாடசாலைகள் ஊர்தோறும் எழுதல் வேண்டும். ஆனால் அவை எழுமுன் ஒன்று துணியப்படுதல் வேண்டும். அங்கு வருகின்ற மாணாக்கன் எக்குலத்தினன் ஆயினும், எந்நாட்டினன் ஆயினும், அநாதியே தன்னைப்போல மலத்தாற் கட்டுண்டு தன்னைப்போலவே வீடுபேற்றுக்கு உரியதோர் உயிர் என ஆசிரியன் கொள்ளுதல் வேண்டும். அவன் சொந்தப் பெயரைப் பறித்தலாகாது. அவன் முன்னைய வழிபாட்டை இகழ்தலாகாது. கற்றுத் தேறியபின் அவன் ஆசிரியன் மனைவாயிலில் வந்து உறவு வேண்டி நிற்பின், கதவு அடைபடலாகாது. இத்துணிவு இல்லார் பாடசாலை அமையாதிருத்தலே நன்று. அஞ்ஞானிகள் பாடசாலை உலகில் ஒன்று இருந்து மூடியது போதும். திருநீறு பூசிய மற்றொன்று வேண்டுவதில்லை.