தமிழை விட்டுக்கொடுத்தால்தான் ஜெர்மனா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

2024 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த 85 கேந்திரிய வித்யாலயாக்களில் தேனியும் ஒன்று. அந்தச் செய்தி வந்ததிலிருந்து எங்கள் பழனிசெட்டிபட்டியில் என்னைப் பார்க்கும் பெற்றோர் சிலர், "அங்க ஜெர்மன் சொல்லிக் குடுப்பாங்களா டீச்சர்?" என்று கேட்கிறார்கள். கேட்பவர்கள் வசதி படைத்தவர்கள் இல்லை. வீட்டில் மூத்த பெண் நர்சிங் முடித்துவிட்டு ஜெர்மனிக்குப் போக மொழிப் பரீட்சையோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்து, இளையவளுக்காவது பள்ளியிலேயே அது கிடைக்காதா என்று ஏங்குகிறவர்கள். அரசுப் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். அவர்களுக்கு நான் சொல்ல வேண்டியிருக்கிற பதில் எனக்கே ஆத்திரமூட்டுவதால் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

கேந்திரிய வித்யாலயாக்களில் ஜெர்மன் பட்ட பாட்டை வாசகர்கள் மறந்திருக்கலாம். 2011-இல் அந்தப் பள்ளிகளை நடத்தும் கேந்திரிய வித்யாலயா சங்கதனும், ஜெர்மனியின் கோத்தே இன்ஸ்டிடியூட்டின் இந்தியக் கிளையான மாக்ஸ் முல்லர் பவனும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை, மூன்றாம் மொழியாகச் சமஸ்கிருதத்துக்குப் பதில் ஜெர்மனை எடுத்துக்கொள்ளலாம் என்று வழி பிறந்தது. மூன்றே ஆண்டுகளில் சுமார் 500 பள்ளிகளில் 70,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் அதைப் படித்துக்கொண்டிருந்தார்கள். 2014 அக்டோபர் கடைசியில் சங்கதனின் நிர்வாகக் குழு கூடி, இது இனி கிடையாது, எல்லோரும் சமஸ்கிருதத்துக்கு மாறுங்கள் என்று முடிவெடுத்தது. காலாண்டுத் தேர்வு எழுதி முடித்த பிள்ளைகளுக்குப் பாதி வருடத்தில் பாடம் மாறியது. பெற்றோர் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். கடைசியில், அந்த ஆண்டு மட்டும் சமஸ்கிருதத்தில் தேர்வு வைப்பதில்லை என்று அரசு இறங்கி வந்தது.

மும்மொழித் திட்டத்தில் அயல்நாட்டு மொழி மூன்றாம் மொழியாக இருக்க விதியில் இடமில்லை என்பது அமைச்சகத்தின் வாதம். அப்படியே இருக்கட்டும். அந்த விதி 2011-இல் எங்கே போயிருந்தது? விதியை மீறி ஒப்பந்தம் போட்டது பெரியவர்கள். தண்டனை ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு. பிரிஸ்பேன் ஜி-20 மாநாட்டில் அப்போதைய ஜெர்மன் சான்சலர் ஏஞ்சலா மெர்கல் நம் பிரதமரிடமே இதைப் பற்றிக் கேட்கும் அளவுக்கு விவகாரம் முற்றியது. மறு ஆண்டு அவர் டெல்லி வந்தபோது, ஜெர்மனைக் கூடுதல் அயல்மொழியாக ஊக்குவிப்பதென்று இரு நாடுகளும் கையெழுத்திட்டன. அந்தக் 'கூடுதல்' ஏற்பாட்டை முதலிலேயே செய்திருந்தால் ஒரு பிள்ளைக்கும் நட்டமில்லை.

டெல்லியை மட்டும் குறை சொல்லிவிட்டு நான் நிறுத்தினால் அது நேர்மையாகாது. நம் மாநிலத்திலும் ஜெர்மன் இருக்கத்தான் செய்கிறது. எந்த இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள். 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்கும் சட்டத்தால் பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயம். பிளஸ் ஒன் வந்ததும் அந்தக் கட்டு அவிழ்ந்துவிடுகிறது. பகுதி ஒன்று எனப்படும் மொழிப் பாடத்தில் தமிழுக்குப் பதில் பிரெஞ்சு, சமஸ்கிருதம், ஜெர்மன் என்று எதை வேண்டுமானாலும் எடுக்கலாம். எடுக்கிறவர்கள் யார்? பெரும்பாலும் கட்டணப் பள்ளிப் பிள்ளைகள். எதற்கு? மதிப்பெண்ணுக்கு. தமிழில் விழுந்து விழுந்து படித்தாலும் கிடைக்காத மார்க், அயல்மொழியில் தொடக்க நிலைக் கேள்விகளுக்குச் சுலபமாகக் கிடைக்கும் என்று பள்ளிகளே பெற்றோரிடம் சொல்லி எடுக்க வைக்கின்றன. இரண்டு வருடம் முடிந்து வெளியே வரும் பிள்ளையிடம் அந்த மொழியில் நாலு வார்த்தை பேசச் சொன்னால் விழிக்கிறது. தமிழும் போயிற்று, வந்த மொழியும் நிற்கவில்லை. உண்மையிலேயே அந்த மொழி தேவைப்படுகிற அரசுப் பள்ளிப் பெண்ணுக்கோ அந்த வாசலே திறப்பதில்லை.

அவளுடைய தேவை எப்படிப்பட்டது என்பதை என் வீட்டிலேயே பார்க்கிறேன். என் அண்ணன் மகள் பி.எஸ்சி. நர்சிங் முடித்து மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை பார்க்கிறாள். ஜெர்மனியில் பதிவு பெற்ற செவிலியராக வேலை செய்யப் பொதுவாக பி2 நிலை மொழித் தேர்ச்சி வேண்டும்; ஏ1, ஏ2, பி1 என்று ஏறி வரும் படிகளில் அது நான்காவது. நைட் டியூட்டி முடித்து வந்து, அரைத் தூக்கத்தில் போனில் வகுப்பு கேட்கிறாள். அந்த மொழியில் மேசைக்கும் கதவுக்கும் கூட ஆண்பால், பெண்பால், அஃறிணை உண்டு. எது எதில் சேரும் என்பதற்குப் பல சமயம் விதி கிடையாது, உருப்போடத்தான் வேண்டும். அவள் நோட்டில் 'டெர்' சொற்கள் நீல மையில், 'டீ' சொற்கள் சிவப்பில், 'டாஸ்' சொற்கள் பச்சையில் பக்கம் பக்கமாக இருக்கின்றன. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் பாட்டுப் போல மனசில் ஏறியிருக்க வேண்டியவை அவை. "ஆறே மாதத்தில் பி2, கேரண்டி" என்று சொல்லி முழுப் பணத்தையும் முன்னாலேயே வாங்கிக்கொண்ட ஒரு பயிற்சி மையம், பாதியில் ஆசிரியரை மாற்றிவிட்டது. புதிதாக வந்தவர் தாமே பி1 வரைதான் தேறியவர். தேர்வு எழுத இடம் பிடிப்பது தனிப் பாடு. இணையத்தில் பதிவு திறந்த சில நிமிடங்களில் இடங்கள் தீர்ந்துவிடுகின்றன. கிடைத்தால் சென்னைக்கு ஒரு ராத்திரிப் பயணம்.

இந்தத் தேவை அரசுக்குத் தெரியாததல்ல. தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும், ஆதிதிராவிடர் வீட்டுவசதி மற்றும் மேம்பாட்டுக் கழகமான தாட்கோவும் செவிலியர்களுக்கு ஜெர்மன் பயிற்சி தருகின்றன. பாராட்டுகிறேன். 2024-இல் ஜெர்மனி, இந்தியத் திறன் பணியாளர்களுக்கான விசாவை ஆண்டுக்கு 20,000-இலிருந்து 90,000 ஆக உயர்த்துவதாக அறிவித்தது. குமுளி மலைக்கு அந்தப் பக்கம் கேரள அரசின் நோர்க்கா நிறுவனம் 2021-லேயே ஜெர்மனியின் வேலைவாய்ப்புத் துறையோடு ஒப்பந்தம் போட்டு நர்சுகளை அனுப்பத் தொடங்கிவிட்டது. அப்படியிருக்க, இருபத்திரண்டு வயதில் ஏ1 பாடத்தை அரிச்சுவடியிலிருந்து ஆரம்பிக்கச் செலவழிக்கும் அரசு, அதே பெண் பதினாலு வயதில் தன் பள்ளியில் உட்கார்ந்திருந்தபோது ஏன் கண்டுகொள்ளவில்லை?

கணக்கைப் பாருங்கள். 45 நிமிட வகுப்புகளாக எண்ணினால் பி1 நிலைக்கு 350 முதல் 650 வரை, பி2 நிலைக்கு 600 முதல் 800 வரை தேவைப்படும் என்பது கோத்தே இன்ஸ்டிடியூட்டே தரும் மதிப்பீடு. ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை, வாரம் மூன்று பீரியட், வருடத்துக்கு 40 வாரம் என்று வைத்தால் 480 வகுப்பு ஆகிறது. பி1 எட்டக்கூடிய தூரம். மீதியை நர்சிங் கல்லூரிக் காலத்தில் முடித்துவிடலாம். வேலைக்கும் போய்க்கொண்டு, கடனும் வாங்கி, தூக்கமும் கெட்டுப் படிக்க வேண்டியதில்லை.

ஆசிரியர்களுக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். 2011 ஒப்பந்தத்தின்படி மாக்ஸ் முல்லர் பவன்தான் பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்துத் தயார் செய்தது. அந்த வழியை மாநில அரசும் கேட்டுப் பெறலாம். நம் அரசுப் பள்ளிகளில் உயர் தொழில்நுட்ப ஆய்வகங்கள் இருக்கின்றன. தேனியில் ஒரு நல்ல ஆசிரியர் இருந்தால் போடியும் உத்தமபாளையமும் கம்பமும் ஒரே நேரத்தில் கேட்கலாம். ஆனால் திரையை மட்டும் நம்பக்கூடாது, பள்ளிக்குப் பள்ளி உச்சரிப்பைத் திருத்த ஓர் ஆள் வேண்டும். 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானியர் சீகன்பால்கு, திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித்தான் தமிழ் படித்தார். எதிரே ஆசிரியர் இருந்தார் என்பதுதான் முக்கியம்.

இன்னொரு பேச்சும் காதில் விழுகிறது: படித்த பெண்களையெல்லாம் வெளிநாட்டுக்கு ஏற்றிவிடுவதா என்று. விடிவதற்குள் ஏலத்தோட்டத்து ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி இடுக்கிக்குப் போய் இருட்டிய பின் திரும்பும் தாய்மார்களைக் கம்பம் பள்ளத்தாக்கில் ஊருக்கு ஊர் பார்க்கலாம். அவர்களுடைய மகள் எங்கே வேலை பார்க்க வேண்டும் என்பதை அந்த மகளே முடிவு செய்யட்டும்.

இருமொழிக் கொள்கையில் எனக்கு முழு உடன்பாடு. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையும் அதையே உறுதி செய்திருக்கிறது. நான் கேட்பது மூன்றாவது கட்டாய மொழி அன்று. விரும்பிய பிள்ளை, தமிழையும் ஆங்கிலத்தையும் முழுதாகப் படித்துக்கொண்டே, மாலை வேளையில் படிக்கும் விருப்பப் பாடம். மொத்த மதிப்பெண்ணில் சேரக்கூடாது. சேர்த்தால் மறுபடி மார்க் வேட்டையில்தான் முடியும். அதோடு, பிளஸ் ஒன்னில் தமிழைக் கழற்றிவிட்டு அயல்மொழி எடுக்கும் வழியையும் அரசு மூட வேண்டும். தாய்மொழி வேறாக உள்ள பிள்ளைகளுக்கு அவரவர் மொழி இருக்கட்டும், அதை நான் தொடவில்லை.

மேல்நிலையில் செவிலியத் தொழிற்கல்விப் பிரிவு உள்ள அரசுப் பள்ளிகளில் முதலில் தொடங்கலாம். பள்ளிக் கல்வித் துறை அடுத்த ஜூன் சேர்க்கைக்கு முன் அரசாணை வெளியிட வேண்டும். அதற்குள் தேனி மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர், எந்தெந்தப் பள்ளியில் எத்தனை பிள்ளைகள் இதைக் கேட்கிறார்கள் என்று ஒரு கணக்கெடுப்பாவது நடத்தட்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியை,
பழனிசெட்டிபட்டி, தேனி மாவட்டம்