படித்த பிள்ளையைப் பேச விடுங்கள்!

மத்தூர்ப் பக்கத்தில் ஒரு பையன் கதைப் புத்தகமும் கையுமாக உட்கார்ந்தால் வீட்டில் இரண்டு கேள்விகள் வரும்.

"பரீட்சையில இது வருதாடா?" என்பது ஒன்று. "இதைப் படிச்சா கம்பெனியில வேலை தருவானா?" என்பது இன்னொன்று.

கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. ஒரு பக்கம் போச்சம்பள்ளி சிப்காட். இன்னொரு பக்கம் ஓசூர். பிளஸ் டூ முடித்த பிள்ளை சீக்கிரமே சம்பளம் கொண்டுவந்துவிடும் என்ற நம்பிக்கை. மாமரத்தையும் மழையையும் நம்பிக் காலம் தள்ளிய குடும்பங்களுக்கு அது பெரிய காரியம்தான்.

ஆனால் மூன்றாவதாக ஒரு கேள்வி இருக்கிறது. "கதை எப்படி இருந்தது? உனக்குப் பிடித்ததா?" என்ற கேள்வி. அதை மட்டும் யாரும் கேட்பதில்லை!

என் வயதுப் பையன்

பூமணி எழுதிய 'வெக்கை' என்ற நாவல் 1982-ல் வெளிவந்தது. அதில் வரும் சிதம்பரத்துக்கு வயது 15. அண்ணனைக் கொன்றவன் மேல் அவன் அரிவாளை வீசுகிறான். கையை வெட்டத்தான் நினைத்தான். ஆள் செத்தே போனான். அப்புறம் அப்பாவும் மகனுமாகக் காடு மேடெல்லாம் ஒளிந்து திரிகிறார்கள்.

2019-ல் வந்த 'அசுரன்' படத்துக்கு இந்த நாவல்தான் மூலம். ஆனால் படத்தில் நடு இடம் அப்பாவுக்கு. தனுஷ் நடித்த வேடம் அது. புத்தகத்திலோ நடு இடம் பையனுக்கு.

படம் பார்த்துவிட்டுப் புத்தகத்தைத் தொடும் மாணவன், "என்ன இது, சண்டையைக் காணோம்!" என்று முகத்தைச் சுளிக்கலாம். இன்னொருவன், "இவன் என் வயதுப் பையன். ராத்திரி எங்கே படுத்தான், பசிக்கு என்ன தின்றான் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது" என்று சொல்லலாம். இரண்டும் அபிப்பிராயம்தான். சொல்வதற்குக் காது கொடுக்க ஒரு ஆள் வேண்டாமா?

பரீட்சைத் தாள் கதைச் சுருக்கத்தைக் கேட்கும். சுருக்கம் எழுதுவதற்கு நல்ல ஞாபகம் போதும். பிடித்தது, பிடிக்கவில்லை என்று சொல்லி அதற்குக் காரணமும் காட்டுவதற்குச் சொந்த மூளை வேண்டும்.

அறை வாங்கிய பீட்டர்

இந்த வயதுப் பிள்ளைகள் நாவல்களைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பதை அறிய ஒரு நல்ல சாட்சி உண்டு. அது ஆன் ஃபிராங்க் என்ற சிறுமியின் டைரி. தமிழிலும் வந்திருக்கிறது.

ஆன் யூதப் பெண். ஹிட்லரின் ஆட்களுக்குப் பயந்து 1942 ஜூலையில் அவள் குடும்பம் ஆம்ஸ்டர்டாம் நகரில் ஒரு கட்டடத்தின் பின்கட்டில் ஒளிந்துகொண்டது. அப்போது அவளுக்கு வயது 13. பிறகு வேறு சிலரும் வந்து சேர்ந்து மொத்தம் எட்டுப் பேர் ஆனார்கள். வெளியே தலை காட்டினால் உயிர் போய்விடும்.

அந்த இருட்டிலும் அவள் சனிக்கிழமையை எண்ணி ஏங்கினாள். ஏன் தெரியுமா? அன்றைக்குத்தான் நூலகப் புத்தகங்கள் வரும்! உயிரைப் பணயம் வைத்து உதவிய நண்பர்கள் சாப்பாட்டோடு புத்தகமும் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

சிஸ்ஸி வான் மார்க்ஸ்வெல்ட் என்ற பெண் எழுத்தாளரை ஆனுக்கு மிகவும் பிடிக்கும். அவர் எழுதிய ஒரு வேடிக்கைக் கதையை நான்கு தடவை படித்து, நான்காவது தடவையும் சிரித்ததாக எழுதி வைத்திருக்கிறாள்.

அங்கே ஒரு நாள் பெரிய ரகளை நடந்தது. பீட்டர் என்ற 15 வயதுப் பையனும் அந்த வீட்டில் ஒளிந்திருந்தான். ஒரு புத்தகத்தை மட்டும் பெரியவர்கள், "இது உங்களுக்கு ஆகாது" என்று ஒதுக்கி வைத்தார்கள். பீட்டர் சும்மா இருப்பானா? அப்பா கீழே ரேடியோ கேட்கப் போகும் நேரம் பார்த்து, புத்தகத்தோடு பரணுக்கு ஏறிவிட்டான். ஒரு நாள் அப்பாவிடம் பிடிபட்டான். அறை விழுந்தது. பையன் கோபித்துக்கொண்டு பரணிலேயே கிடந்தான்.

கொஞ்ச நாளில் ஆனுக்குப் பெரியவர்கள் படிக்கும் நாவல்களைப் படிக்க அனுமதி கிடைத்தது. அப்படி ஒன்றைப் படித்துவிட்டு அவள் என்ன எழுதினாள்? இதற்கும் சிறு பெண்களுக்கான கதைகளுக்கும் அப்படி ஒன்றும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்று எழுதினாள்!

தடுத்த புத்தகத்தைப் பற்றிப் பீட்டரிடம் யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை. அவன் பெற்றது அறை ஒன்றுதான். கொடுத்த புத்தகத்தை ஆன் எடை போட்டாள், இவ்வளவுதானா என்று சொல்லிவிட்டாள். எந்தப் பிள்ளைக்கு அறிவு வளர்ந்தது?

பிறர் எழுத்தை இப்படி எடை போட்டுப் பழகிய பெண் 1944-ல் தன் டைரியையே புத்தகமாக்க எண்ணித் திருத்தி எழுத ஆரம்பித்தாள். அந்த ஆகஸ்டில் பிடிபட்டாள். 1945-ல் முகாமில் இறந்தாள். வயது 15. டைரி 1947-ல் அச்சாயிற்று.

ஒரு ஷில்லிங் கூலி

லண்டனில் ஸ்டான்லி அன்வின் என்ற பதிப்பாளர் இருந்தார். சிறுவர் கதைகளுக்குச் சிறுவர்களே நல்ல நீதிபதிகள் என்பது அவர் கட்சி. 1936-ல் ஒரு கையெழுத்துப் பிரதி வந்தது. அதைப் பத்து வயது மகன் ரெய்னரிடம் கொடுத்தார். அபிப்பிராயம் எழுதித் தந்தால் ஒரு ஷில்லிங். பையன் 'நல்ல கதை' என்று எழுதிக் கொடுத்தான். மறு வருஷம் அச்சான அந்தப் புத்தகம்தான் டோல்கினின் 'ஹாபிட்'. உலகமெங்கும் விற்றது. ஒரு ஷில்லிங்குக்கு இதைவிட லாபமான வேலை யாரும் செய்ததில்லை!

நம் நாட்டுக் கதை வேறு. ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் நாவல்களை எழுதிக் குவித்த காலத்தில், பெண்களும் பிள்ளைகளும் அவற்றைப் படித்தால் கெட்டுப் போவார்கள் என்று பெரியவர்கள் அலறினார்கள். அதே காலத்தில்தான், பால்ய விவாகம் செய்து வைக்கப்பட்ட வை. மு. கோதைநாயகி, முதலில் தாம் வாயால் சொல்லத் தோழியை எழுத வைத்து, பிறகு தாமே எழுதப் பழகி, நூற்றுக்கு மேற்பட்ட நாவல்களை எழுதித் தள்ளினார். 1925 முதல் 'ஜகன்மோகினி' பத்திரிகையையும் நடத்தினார்.

எல்லாமே கொடுக்கலாமா?

கொடுக்கக் கூடாது. பன்னிரண்டு வயதுக்கு ஆகாத புத்தகம் உண்டு. குப்பையும் உண்டு. ஆனால் பெரியவர்கள் தாமே படித்துப் பார்த்து, "இது இரண்டு வருஷம் போகட்டும், இன்ன காரணம்" என்று சொன்னால் பிள்ளை கேட்கும். அட்டையைப் பார்த்துவிட்டுப் பிடுங்கினால் பரணுக்குத்தான் ஏறும். இந்தக் காலத்துப் பரண் செல்போன். அங்கே பெரியவர்கள் ஏறிப் பார்க்கவே முடியாது!

பிள்ளை சொல்லும் அபிப்பிராயம் தப்பாகவும் இருக்கலாம். கல்கி 'பொன்னியின் செல்வ'னில் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்பதை அறுதியிட்டுச் சொல்லவில்லை. "ஐந்து பாகம் எழுதியவர் இதைச் சொல்லக் கூடாதா?" என்று ஒரு பெண் குறைப்பட்டால், "அதுதானம்மா கதையின் அழகு" என்று தாத்தா மறுக்கட்டும். பேத்தியும் விடாமல் வாதாடட்டும். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசினால் அந்தப் பாஷையிலேயே வாதாடட்டுமே! இந்த எல்லைப் பக்கத்தில் அதற்கென்ன குறை?

பெண் பிள்ளைக்கு இது இன்னும் அவசியம். 18 வயது நிறையாத பெண்ணுக்குக் கல்யாணம் செய்வது சட்டப்படி குற்றம். இருந்தும் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அந்தச் செய்தி ஓய்ந்தபாடில்லை. ஒரு கதையில் வரும் பெண்ணைப் பற்றி, "அவள் அந்த இடத்தில் 'மாட்டேன்' என்று சொல்லியிருக்க வேண்டும்" என்று 15 வயதில் வீட்டில் வாய் திறந்து பேசிய பெண்ணுக்கு, தன் காரியம் என்று வரும்போதும் வாய் வரும். கம்பெனி ஹாஸ்டலில் தனியாக இருக்கும்போதும் வரும்.

"எங்களுக்கே எழுத்து வாசனை இல்லை, நாங்கள் என்னத்தைக் கேட்பது?" என்று சில பெற்றோர் சொல்லக் கூடும். திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பாரதக் கூத்து பார்த்து வளர்ந்த சீமை இது. கர்ணன் துரியோதனன் பக்கம் நின்றது நியாயமா, அநியாயமா என்று விடிந்த பிறகும் டீக்கடையில் சண்டை போட்டவர்கள் இந்தப் பெரியவர்கள். அவர்கள் யாரும் அதை ஏட்டில் படித்துவிட்டு வரவில்லை. ராத்திரி சோறு போடும்போது, "அந்தக் கதையில அப்புறம் என்னாச்சுடா? அவன் செஞ்சது சரியா?" என்று கேட்டுப் பார்க்கட்டும்.