கல்மரத்தின் இரண்டு கதைகளும் எங்கள் பிள்ளைகளுக்கு வேண்டும்

விழுப்புரம், திண்டிவனம் பகுதி அரசுப் பள்ளிகளில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் பெற்றோர் நாங்கள். கோயிலுக்கும் தர்காவுக்கும் சர்ச்சுக்கும் போகிறவர்கள் எங்களில் உண்டு. எங்கும் போகாதவர்களும் உண்டு. மதங்கள் சொல்வதும் மறுப்போர் சொல்வதும் வகுப்பறையில் சமமாக வைக்கப்பட வேண்டும் என்பதில் எங்களுக்குள் இரண்டு கருத்து இல்லை.

முதலில், பள்ளி மேடையில் பிரசாரம் நிற்க வேண்டும். முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் மதபோதனை கூடாது என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 28ஆவது பிரிவு. அப்படியும் 2024இல் சென்னை அரசுப் பள்ளி ஒன்றில், வெளியிலிருந்து வந்தவர் முற்பிறவிப் பாவம் பற்றிப் பேசினார். பார்வைக் குறைபாடுள்ள ஆசிரியர் ஒருவர் எழுந்து நின்று கேள்வி கேட்டார். அந்தத் துணிச்சலை நம்பியா பள்ளிகள் நடக்க வேண்டும்? யார் பேச வந்தாலும், என்ன பேசப்போகிறார் என்பதைப் பள்ளி மேலாண்மைக் குழு முன்கூட்டியே எழுத்தில் பார்க்க வேண்டும். இந்த விதி இந்த மாதமே ஒவ்வொரு பள்ளியின் தகவல் பலகையிலும் ஒட்டப்படட்டும்.

அடுத்து, பிள்ளைகளை வெளியே கூட்டிப்போங்கள். திருவக்கரையில் இரண்டு கோடி ஆண்டு பழைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. தொட்டால் குளிர்ந்த கல். குனிந்து பார்த்தால் மரத்தின் வரிகள் அப்படியே இருக்கின்றன. அவை ஓர் அசுரனின் எலும்புகள் என்பது ஊர்க்கதை. மண்ணுக்குள் புதைந்த மரத்தில் நீரோடு வந்த சிலிக்கா படிந்து கல்லானது என்பது புவியியல். பக்கத்திலேயே வக்கிரகாளி சந்நிதி. ஊர்க்கதையையும் புவியியலையும் ஒரே நாளில் கேட்கும் பிள்ளை நம்பிக்கை எது, சான்று எது என்று தானே பிரித்தறியும். செஞ்சி அருகே திருநாதர்குன்றில் 24 சமணத் தீர்த்தங்கரர்களின் சிற்பங்களும், சமணத் துறவி சந்திரநந்தி 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்டதைச் சொல்லும் கல்வெட்டும் இருக்கின்றன. செங்கலும் மரமும் உலோகமும் சுண்ணாம்பும் இன்றி மும்மூர்த்திகளுக்குப் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் குடைந்த குகைக்கோயில் மண்டகப்பட்டில் இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு பேருந்து போதும். இதற்குக்கூட ஏன் இத்தனை ஆண்டுத் தாமதம்?

அரசு உதவிபெறும் பள்ளிகளில் மதவகுப்பு நடந்தால் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்பதும் அதே 28ஆவது பிரிவுதான். சேர்க்கைப் படிவத்தில் அதற்கு ஒரு வரி சேர்க்க எவ்வளவு நாள் ஆகும்? அடுத்த சேர்க்கைக்குள் அது இருக்க வேண்டும்.

நூலகத்தில் ஒரே அடுக்கில் கீதை, குர்ஆன், பைபிள், அம்பேத்கரின் ‘புத்தரும் அவர் தம்மமும்’, பெரியாரின் கட்டுரைகள், பகத்சிங்கின் ‘நான் நாத்திகன் ஏன்?’ எல்லாம் இருக்கட்டும். அலமாரிச் சாவி பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கக் கூடாது. பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டும்.

விழுப்புரம் முதன்மைக் கல்வி அலுவலரும் திண்டிவனம் மாவட்டக் கல்வி அலுவலரும் அரையாண்டுத் தேர்வுக்கு முன், ஒவ்வொரு கோரிக்கைக்கும் நிறைவேற்றும் தேதியை எழுத்தில் தர வேண்டும்.