116 ஏக்கர் எங்கே?

எங்கள் பூங்காவை யாரும் இருட்டில் வந்து திருடவில்லை. பட்டப்பகலில் மேளதாளத்தோடு, அடிக்கல் நாட்டி, கல்வெட்டு பதித்து எடுத்துக்கொண்டார்கள். 116 ஏக்கர்! சென்னை சென்ட்ரலுக்குப் பக்கத்தில், பெரியமேட்டுக்கும் சூளைக்கும் கூப்பிடு தூரத்தில் மரமும் குளமுமாகப் பரந்து கிடந்த மண். அதில் இன்றைக்கு எங்களுக்கென்று மிஞ்சியிருப்பது சைடன்ஹாம்ஸ் சாலையை ஒட்டிய மை லேடீஸ் பூங்கா என்ற ஒரு துண்டுதான். மீதி எங்கே என்று கேட்டால், கேட்கிறவனை ஏற இறங்கப் பார்க்கிறார்கள்.

1859இல் சென்னைக்குக் கவர்னராக வந்தவர் சார்லஸ் ட்ரெவெலியன். அயர்லாந்துப் பஞ்சத்தில் பட்டினி கிடந்த ஜனங்களிடம் இரக்கமில்லாமல் நடந்துகொண்டவர் என்று வரலாறு இன்றுவரை பழிக்கிற மனிதர். அப்படிப்பட்டவருக்கே, கோட்டைக்கு வெளியே நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்த கறுப்பர் பட்டணத்து ஜனங்களுக்கு மூச்சுவிட ஓர் இடம் வேண்டும் என்று தோன்றியது. மக்கள் பூங்கா என்று பெயர் வைத்தார். 11 குளங்கள், ஐந்தரை மைல் நீளத்துக்கு உள்பாதைகள், பேண்டு வாசிக்க ஒரு மேடை, பொதுக் குளியலிடம் எல்லாம் அதற்குள் இருந்தன. புதிய வருமான வரித் திட்டத்தைப் பகிரங்கமாக எதிர்த்ததற்காக மறு ஆண்டே அவரைத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். அவர் போனார், பூங்கா நின்றது. அன்னியன் கொடுத்துவிட்டுப் போனதை நம்மால் காப்பாற்ற முடியவில்லை என்பதை எழுதும்போதே நெஞ்சு எரிகிறது.

எட்வர்டு பால்ஃபர் 1855இல் எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் தொடங்கிய விலங்குக்காட்சிச் சாலை 1861இல் மாநகராட்சியின் கைக்கு வந்து இந்தப் பூங்காவுக்குக் குடிபெயர்ந்தது. ஜனங்கள் அதை உயிர் காலேஜ் என்றார்கள், எழும்பூர் மியூசியத்தைச் செத்த காலேஜ் என்றார்கள். காணும் பொங்கல் வந்தால் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து கட்டுச்சோற்று மூட்டையோடு குடும்பம் குடும்பமாக வந்து இறங்குவார்கள். முந்நூறு மைல் தள்ளியிருந்த ஊர்க்காரர்களும் 'பட்டணம் போனேன், உயிர் காலேஜ் பார்த்தேன்' என்று ஆயுள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1886ஆம் ஆண்டின் கடைசி நாள், பூங்காவில் நடந்த கண்காட்சியில் தீப்பிடித்து நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். அந்தத் துக்கத்தையும் தாங்கிக்கொண்டு ஊர் மறுபடி அங்கேதான் கூடியது. நல்லதற்கும் கெட்டதற்கும் அந்த மண்தான் எங்கள் முற்றம்.

பிறகு பாகப்பிரிவினை தொடங்கியது. ஆளுக்கொரு பங்கு எடுத்தார்கள், சொத்துக்குச் சொந்தக்காரனை மட்டும் யாரும் கூப்பிடவில்லை. 1880களில் விக்டோரியா பொது மண்டபத்துக்கு ஒரு பங்கு. 1898இல் அடிக்கல் நாட்டி 1900இல் திறந்த மூர் மார்க்கெட்டுக்கு ஒரு பங்கு. 1913இல் திறக்கப்பட்ட ரிப்பன் மாளிகைக்கு ஒரு பங்கு. சுதந்திரத்துக்குப் பிறகு மாநகராட்சி ஸ்டேடியத்துக்கு ஒரு பங்கு. வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் 1956 ஜனவரியில் முதல் விக்கெட்டுக்கு 413 ரன் குவித்தது அங்கேதான். அந்த ஸ்டேடியம் 1993இல் நேரு விளையாட்டரங்கமாகப் பெரிதாக எழுந்தது. 1985 மே 30 அன்று மூர் மார்க்கெட் எரிந்தது. எரிந்த இடம் பூங்காவுக்குத் திரும்பியதா? இல்லை, ரயில்வேக்குப் போனது. இன்று புறநகர் ரயில்கள் வந்து நிற்கிற கட்டடம் அங்கேதான் நிற்கிறது. கடை இழந்த வியாபாரிகளுக்கு மாற்றிடம் வேண்டுமே, அதற்கு அல்லிக்குளத்தின் மேல் கடை வளாகம் எழுப்பினார்கள். குளம் போயிற்று. இப்போது அந்த வளாகத்தில் நீதிமன்றங்கள் நடக்கின்றன. நீதி கேட்டு நாங்கள் படியேறினாலும் எங்கள் குளத்தின் மேல்தான் ஏற வேண்டும்.

தனித்தனியாகப் பார்த்தால் எதையும் குறை சொல்ல முடியாது. ரிப்பன் மாளிகையின் வெள்ளையும் விக்டோரியா மண்டபத்தின் செங்கல் சிவப்பும் சென்னையின் பெருமை என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன். மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைகளில் படித்து ஆளானவர்கள் ஆயிரம் பேர். நகரத்துக்கு ரயில் வேண்டும், ஸ்டேடியம் வேண்டும், கோர்ட்டும் வேண்டும். ஆனால் ஒவ்வொரு தேவை வந்தபோதும் எல்லோருடைய கண்ணும் ஏன் இந்த ஒரே மண்ணில் விழுந்தது? விலை கொடுக்க வேண்டாம், வழக்குக்கு ஆள் வராது, குடியிருப்பவன் கூச்சல் போடமாட்டான். மரத்துக்கு ஓட்டுரிமை கிடையாது. அதனால்தான்.

மிச்சமிருக்கிற பூங்கா நிலத்தின் அளவு எவ்வளவு, எல்லைக்கல் எங்கே இருக்கிறது என்று கேட்டு ஓர் அலுவலகத்தில் மனுக் கொடுத்தேன். மேசைக்கு மேசை அனுப்பினார்கள். கடைசி மேசையில் இருந்தவர் மனுவைப் படித்துவிட்டு, "கவர்மென்ட் வேலைக்குத்தானே சார் எடுத்திருக்காங்க, யாராவது பிளாட் போட்டா வித்துட்டாங்க?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே புரியாமல் கேட்டார். அந்தக் கேள்விதான் என்னைத் தூங்கவிடாமல் அடிக்கிறது. அபகரித்தவன் ஒரு தனியாள் என்றால் ஊர் திரளும், பத்திரிகை எழுதும், புல்டோசர் வரும். பொதுக் காரியத்துக்கு என்று சொல்லி எடுத்தால் மட்டும் யாருக்கும் நஷ்டமில்லையா? பூங்காவே ஒரு பொதுக் காரியம் ஐயா! திறந்து கிடக்கிற மண், யாரும் எடுத்துக்கொள்ளட்டும் என்று காலியாக விட்ட மண் அல்ல. அங்கே ஒரு கிழவன் உட்கார்ந்திருப்பதும், ஒரு குழந்தை விழுந்து எழுந்து நடை பழகுவதும், ஒரு பெண் வேலை முடிந்து பத்து நிமிஷம் காலை நீட்டுவதும் அரசாங்கக் கோப்பில் ஏறாத வேலைகள். ஏறாததாலேயே அவை வேலை இல்லை என்று ஆகிவிடுமா?

இன்னொன்றையும் கேளுங்கள். நகரம் பெருகிவிட்டது, வண்டிச் சத்தமும் புகையும் விலங்குகளுக்கு ஆகாது, இடமும் போதவில்லை என்று முடிவு செய்து வண்டலூரில் 1,265 ஏக்கர் காட்டை ஒதுக்கினார்கள். 1985இல் அங்கே புதிய உயிரியல் பூங்கா திறந்தது. நல்ல காரியம், கூண்டில் அடைபட்டுக் கிடந்த ஜீவன்களுக்கு விடிவு வந்தது. ஆனால் எந்தப் புகை புலிக்கு ஆகாது என்றார்களோ அதே புகையில்தான் எங்கள் பிள்ளைகள் வளர்கிறார்கள். எந்தச் சத்தத்தை மான் தாங்காது என்றார்களோ அந்தச் சத்தத்தில்தான் எங்கள் பெரியவர்கள் படுத்துக் கிடக்கிறார்கள். விலங்குகள் காலி செய்த இடம் அவர்களுக்கு நிழலாகத் திரும்பி வரவில்லை.

இழந்தவர்கள் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தோட்டமும் மாடித்தோட்டமும் உள்ளவர்கள் இந்தப் பக்கம் குடியிருப்பதில்லை. சூளையிலும் பெரியமேட்டிலும் சந்துக்குள் சந்தாக ஒண்டுக்குடித்தனங்கள். சமையலும் படுக்கையும் பிள்ளையின் படிப்பும் ஒரே அறையில். வாசற்படிதான் திண்ணை, தெருதான் மைதானம், அதையும் இருசக்கர வண்டிகள் அடைத்துவிட்டன. எதிர்ச்சாரியில் அரசு பொது மருத்துவமனை. தென்னாற்காட்டிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் நோயாளியோடு வந்தவர்கள் பையைத் தலைக்கு வைத்து நடைபாதையில் படுத்திருப்பதைப் பார்க்காதவர் இருக்க முடியாது. இரவு ரயிலுக்குக் காலையிலேயே வந்துவிட்ட குடும்பங்கள், சுமை இறக்கிவிட்டு உட்கார இடம் தேடுகிற போர்ட்டர்கள், ஆட்டோக்காரர்கள், பூக்காரம்மாக்கள். இந்த ஜனங்களுக்காகத்தான் அந்த 116 ஏக்கர் உண்டானது. இன்று அவர்கள் ஒரு மரத்தடியில் ஒதுங்கினால் 'எழுந்திரு, இங்கே உட்காராதே' என்ற குரல் வருகிறது.

இருப்பதையாவது ஒழுங்காக வைத்திருக்கிறோமா? இந்த ஊரில் பூங்காச் சீரமைப்பு என்று பலகை வைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. முதலில் மண்ணை மூடிக் கல் பாவுவார்கள். வேருக்குத் தண்ணீர் போகாதபடி மரத்தின் கழுத்துவரை சிமென்ட் பூசுவார்கள். புல்தரைக்கு நடுவே ஒரு செயற்கை நீரூற்று வரும், திறப்பு விழா முடிந்த கொஞ்ச நாளில் அது கொசு வளர்க்கும் தொட்டியாகும். கழிப்பறை இருக்கும், பூட்டியிருக்கும். எங்கள் வீட்டுப் பெரியவரை வெயிலுக்கு ஒதுங்கட்டும் என்று ஒரு பூங்காவுக்கு அழைத்துப் போனேன். வாசலில் பூட்டு. சாயங்காலம் வாங்க என்றார் காவலாளி. உச்சி வெயிலில்தானே நிழல் வேண்டும்? காலையில் நடைப்பயிற்சி செய்கிறவருக்கு ஒரு கணக்கு, களைத்துப்போய் வருகிறவனுக்கு ஒரு கணக்கா?

குளங்களைத் தூர்த்ததன் பலனை ஒவ்வொரு ஐப்பசி, கார்த்திகையிலும் அனுபவிக்கிறோம். 11 குளங்கள் உள்வாங்கிய மழை இப்போது எங்கே போகும்? ஒருபக்கம் கூவம், ஒருபக்கம் பக்கிங்ஹாம் கால்வாய், இரண்டும் வாங்கிக்கொள்ளும் நிலையில் இல்லை. அந்தத் தண்ணீர் எங்கள் தெருவுக்கும் வீட்டுக்கும் வருகிறது, சாக்கடையோடு கலந்து வருகிறது. பிறகு கோடிக்கணக்கில் செலவழித்து வடிகால் கட்டுகிறார்கள். குளத்துக்கு அந்தச் செலவே இல்லை.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகளைப் பாதுகாக்க இந்த மாநிலம் 1959இலேயே சட்டம் இயற்றியது. உள்ளாட்சி அமைப்பு இடங்களைப் பட்டியலிட வேண்டும், பட்டியலில் உள்ளதை வேறு காரியத்துக்குத் திருப்பக் கூடாது என்கிறது. ஆனால் அரசு முன்கூட்டி அனுமதித்தால் திருப்பலாம் என்ற கதவையும் அதே சட்டம் திறந்து வைத்திருக்கிறது. பாரம்பரிய இடங்களைக் காக்க 2012இல் ஒரு சட்டம் வந்தது, அது நடைமுறைக்கு வரவே ஆண்டுகள் பல ஓடின. பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய மனையைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தபோது, அக்கம்பக்கத்துக் குடியிருப்பாளர்கள் விடவில்லை, உச்ச நீதிமன்றம்வரை போனார்கள். 1991இல் தீர்ப்பு வந்தது. அந்த ஒதுக்கீடு செல்லாது, பூங்காவைக் கேட்க அந்த வட்டாரத்து ஜனங்களுக்கு உரிமை உண்டு. அங்கே குடியிருந்தவர்களுக்கு இருந்த உரிமை சூளையில் குடியிருப்பவனுக்கு இல்லையா?

ரிப்பன் மாளிகையை இடித்துவிட்டு மரம் நடுங்கள் என்று நான் கேட்கவில்லை. போனது போனதுதான், அந்த வலியோடுதான் பேசுகிறேன். இருப்பதற்குக் கணக்குச் சொல்லுங்கள். மை லேடீஸ் பூங்காவும், ரிப்பன் மாளிகை, விக்டோரியா மண்டபம், விளையாட்டரங்கம் ஆகியவற்றைச் சுற்றி இன்னும் கட்டடம் ஏறாமல் கிடக்கிற நிலமும் மொத்தம் எவ்வளவு என்று அளந்து, வரைபடம் போட்டு, எல்லைக்கல் நட்டு, பூங்கா வாசலிலேயே எழுதி வையுங்கள். அதை 1959 சட்டப் பட்டியலில் ஏற்றுங்கள். கார் நிறுத்தக் கொடுத்த மண்ணைத் திருப்பிக் கொடுங்கள். கல் பாவியதைப் பெயர்த்துவிட்டுப் புங்கனும் வேம்பும் நாவலும் இலுப்பையும் வையுங்கள். 11 குளத்தில் ஒன்றையாவது மறுபடி வெட்டுங்கள். காலை முதல் இரவுவரை பூட்டாமல் வையுங்கள், குடிக்கத் தண்ணீரும் பெண்கள் அச்சமில்லாமல் போகக் கழிப்பறையும் இருக்கட்டும். சென்ட்ரலில் இறங்குகிறவரும் பொது மருத்துவமனையிலிருந்து வருகிறவரும் உயிரைக் கையில் பிடிக்காமல் பூங்காவரை நடந்து வர ஒரு நிழற்பாதை போடுங்கள். பழைய கட்டடங்களைப் புதுப்பிக்க மனம் வந்த அரசுக்கு அவை நிற்கிற மண்ணைப் புதுப்பிக்க மனம் வராதா?

ஆட்சிகள் மாறின, கொடிகள் மாறின, மாநகராட்சியின் தலைமைகள் மாறின. இந்தப் பூங்காவை வெட்டுவதில் மட்டும் எல்லோரும் ஒரே கட்சியாக இருந்தார்கள். அதனால் ஒருவரைக் காட்டி இவர்தான் குற்றவாளி என்று நான் கை நீட்டவில்லை. நாளைக்கு இன்னொரு கோப்பு வரும். அதில் இன்னொரு நல்ல காரணம் எழுதியிருக்கும். நூலகமாகவும் இருக்கலாம், வாகன நிறுத்தமாகவும் இருக்கலாம், நினைவு மண்டபமாகவும் இருக்கலாம். கையெழுத்துப் போடப் போகிற அதிகாரிக்கும் மாமன்ற உறுப்பினருக்கும் அமைச்சருக்கும் இப்போதே சொல்லி வைக்கிறேன். மக்கள் பூங்கா என்று பெயர் வைத்தது வெள்ளைக்காரனாக இருக்கலாம், ஆனால் அந்த மக்கள் நாங்கள்தான். இன்னும் இங்கேதான் இருக்கிறோம். மிச்சமிருக்கிற மண்ணில் இனி ஒரு செங்கல் வைக்க வேண்டுமானால், எங்களைக் கேட்டுவிட்டு வையுங்கள். கேட்டால் கொடுக்க மாட்டோம். அதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.