இரண்டு செல்கள்



சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பாமன்கடையில் நான் குடியிருக்கும் தொடர்மாடியில் ஓர் அம்மா வந்து கதவைத் தட்டினார். முல்லைத்தீவிலிருந்து இரவு பஸ்ஸில் வந்து, கீழ்மாடியில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தார். கையில் ஒரு பிளாஸ்ரிக் பை. அதற்குள் மகனின் எக்ஸ்ரே படங்கள், கிளினிக் கொப்பி, காணி உறுதியின் பிரதி, முகவர் ஒருவர் கொடுத்த வர்ணத் துண்டுப்பிரசுரம் எல்லாம் இருந்தன.

"பிள்ளை, 2009இல ஒரு செல் வந்து என்ர மகனைப் படுக்கையில போட்டது. இப்ப இன்னொரு செல் ஏத்தினால் எழும்பி நடப்பான் எண்டு சொல்லினம். நீங்கள் படிச்சனீங்கள், சொல்லுங்கோ, உண்மையோ?"

மகனுக்கு அப்போது பதினேழு வயது. எறிகணைச் சிதறல் முதுகில் பட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லாமல் போய்விட்டது. இந்தியாவுக்குக் கூட்டிச் சென்று 'ஸ்டெம் செல்' ஊசி போடுவதற்காக, வீடு இருக்கும் அரை ஏக்கர் காணியை விற்க அம்மா விலை பேசிவிட்டார். கலியாணம் கட்டாத மகள் ஒருத்தியும் அந்த வீட்டில்தான் இருக்கிறாள்.

நான் படித்தது சமூகவியல், மருத்துவம் அல்ல. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன் இதே கேள்வியோடு வந்த ஒரு குடும்பத்திடம், "அதெல்லாம் ஏமாற்று" என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டேன். அவர்கள் பிறகு என்னோடு கதைக்கவே இல்லை. நம்பிக்கையை அப்படி வெட்டி எறியக் கூடாது என்று அன்று படித்துக்கொண்டேன். அதனால் இந்த அம்மாவை இருத்தி, தேநீர் கொடுத்து, தெரிந்தவர்களிடம் கேட்டும் வாசித்தும் அறிந்ததை ஆறுதலாகச் சொன்னேன். அதையே உங்களுக்கும் எழுதுகிறேன்.

நமது முள்ளந்தண்டு எலும்புக்குள்ளே ஓடுவது முள்ளந்தண்டு வடம். மூளையிலிருந்து காலுக்கும் கைக்கும் செய்தி கொண்டுபோகும் நரம்புக் கட்டு அது. எலும்பு முறிந்தால் பொருந்தும். வடம் சிதைந்தால் அப்படிப் பொருந்துவதில்லை. அந்த இடத்தில் தழும்பு விழுந்து, நரம்பு மீண்டும் வளரவிடாமல் தடுக்கிறது.

ஸ்டெம் செல்லை மூலக்கலம் என்றும் குருத்தணு என்றும் தமிழில் சொல்வார்கள். வேறு வகைக் கலங்களாக மாறக்கூடிய தாய்க் கலம் அது. இரத்தப் புற்றுநோய்க்கும் தலசீமியாவுக்கும் எலும்பு மச்சை மாற்றுகிறார்களே, அதுவும் மூலக்கலச் சிகிச்சைதான். பல்லாண்டுகளாக நடந்துவரும், நிரூபிக்கப்பட்ட சிகிச்சை அது. முள்ளந்தண்டு வடத்தின் கதை வேறு. அது இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது.

அமெரிக்காவில் ஜெரோன் என்ற நிறுவனம் 2010 ஒக்ரோபரில் முதல் நோயாளிக்குக் கருமூலக் கலங்களைச் செலுத்தியது. அடுத்த வருடமே பணச் சிக்கலால் அந்த ஆய்வை நிறுத்திவிட்டது. ஜப்பானில், நோயாளியின் சொந்த எலும்பு மச்சையிலிருந்து வளர்த்த கலங்களைக் கொடுக்கும் ஒரு சிகிச்சைக்கு 2018 டிசெம்பரில் நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது. ஆதாரம் போதாது என்று பல விஞ்ஞானிகள் அப்போதே ஆட்சேபித்தார்கள். அதே நாட்டில் கெய்யோ பல்கலைக்கழகம் 2021 டிசெம்பரில் தொடங்கிய ஆய்வின் முடிவை 2025 மார்ச்சில் அறிவித்தது. நான்கு பேருக்குச் செய்ததில் இருவருக்கு முன்னேற்றம் தெரிந்தது. அவர்களில் ஒருவர் எழுந்து நிற்கவும் முடிந்தது. பெரிய பக்கவிளைவும் இல்லை.

நல்ல செய்திதான். ஆனால் அந்த நான்கு பேரும் காயம்பட்டு ஒரு மாதத்துக்குள் சிகிச்சை பெற்றவர்கள். காயப்பட்டுப் பல வருடங்கள் கடந்த நம் பிள்ளைகளுக்கு அதே பலன் வரும் என்று அந்த ஆய்வை வைத்து யாரும் சொல்ல முடியாது.

இந்தியாவிலும் இதற்கு விதிமுறை உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட வழிகாட்டி, இரத்த நோய்கள் போன்ற ஏற்றுக்கொள்ளப்பட்ட தேவைகளைத் தவிர, மூலக்கலத்தை அனுமதி பெற்ற ஆய்வில் மட்டுமே பயன்படுத்தலாம் என்கிறது. அதை நிரூபித்த சிகிச்சை என்று சொல்லி விற்பது முறையல்ல.

ஆபத்தும் உண்டு. முதுகு அடிபட்ட ஓர் அமெரிக்கப் பெண்ணுக்குப் போர்த்துக்கலில் மூக்கின் உட்சவ்விலிருந்து எடுத்த கலங்களை வைத்தார்கள். எட்டு வருடம் கழித்து முதுகில் வலி. பார்த்தால், மூக்கில் சளி சுரப்பதுபோலச் சுரக்கும் கட்டி ஒன்று வடத்துக்குள் வளர்ந்திருந்தது. 2014இல் வைத்தியர்கள் இதை எழுதினார்கள்.

ஆகவே யாராவது இச்சிகிச்சைக்கு அழைத்தால், பணம் கொடுக்க முன் இவற்றைக் கேளுங்கள்:

இது பதிவு செய்யப்பட்ட ஆய்வா? ஆம் என்றால் பதிவு இலக்கம் என்ன?

ஆய்வு என்றால் எங்களிடம் ஏன் பணம் கேட்கிறீர்கள்?

எந்தக் கலம்? யாருடைய உடலிலிருந்து எடுத்தது?

இவ்வளவு காலத்துக்கு முன் காயப்பட்டவர்களில் எத்தனை பேருக்குச் செய்தீர்கள்? முடிவு எங்கே வெளியானது?

பிறகு சிக்கல் வந்தால் யார் பார்ப்பது?

இவற்றோடு, பிள்ளையின் கிளினிக் வைத்தியரிடமும் துண்டுப்பிரசுரத்தைக் காட்டுங்கள். அந்த அம்மா திங்கட்கிழமை முகவரிடம் போய் இக்கேள்விகளைக் கேட்டார். "உங்களுக்கு நம்பிக்கை இல்லையெண்டால் விடுங்கோ" என்பதுதான் கிடைத்த பதில்.

அன்று மாலை மகனோடு தொலைபேசியில் கதைத்தேன். அவனிடம் யாரும் கேட்டிருக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. "அக்கா, நடக்க விருப்பம்தான். ஆனால் முதல்ல இந்தப் புண் மாறவேணும். கக்கூஸ் வாசல் ஒடுக்கம், சக்கர நாற்காலி உள்ள போகாது. அம்மாதான் தூக்கிறா. அவவுக்கும் இடுப்பு வருத்தம்" என்றான்.

சகோதரிகளே, கிறிஸ்தோபர் ரீவை உங்களில் சிலர் அறிந்திருப்பீர்கள். சுப்பர்மேனாக நடித்தவர். 1995இல் குதிரையிலிருந்து விழுந்து கழுத்துக்குக் கீழே இயக்கம் இழந்தார். மூலக்கல ஆராய்ச்சிக்காக உலகெங்கும் குரல் கொடுத்தார். 2004 ஒக்ரோபரில் அவர் இறந்தபோது, கிருமி தொற்றிய படுக்கைப் புண்ணுக்குச் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்தார். அவ்வளவு வசதி படைத்தவரையும் புண் விடவில்லை.

இங்கிலாந்தில் ஸ்ரோக் மண்டெவில் வைத்தியசாலையில் 1944இல் லுட்விக் குட்மன் என்ற வைத்தியர் வேலை தொடங்கும்வரை, முதுகு அடிபட்ட படைவீரர் பலர் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் சில மாதங்களில் இறந்தார்கள். அவர் செய்த முதல் வேலை, இரவு பகலாக இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை நோயாளியைத் திருப்பிப் படுக்க வைத்ததுதான். நம் வீடுகளில் தாயும் மனைவியும் சகோதரியும் செய்யும் வேலை அது. அதை ஒருபோதும் சின்ன வேலையாக நினைக்காதீர்கள்.

காலையும் மாலையும் இடுப்பு, பிட்டம், குதிக்கால் ஆகிய இடங்களைப் பாருங்கள். தோல் கறுத்தோ, சூடாகவோ, கல்லாகவோ இருந்தால் அந்தப் பக்கம் படுக்க விடாதீர்கள், தேய்க்கவும் வேண்டாம். நாற்காலியில் இருப்பவர் இடைக்கிடை கையூன்றி உடம்பைத் தூக்கிக்கொள்ள வேண்டும். கதீற்றரைத் தொட முன்னும் பின்னும் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். சிறுநீர் கலங்கிக் காய்ச்சலும் வந்தால் தாமதியாமல் வைத்தியசாலைக்குப் போங்கள்.

தனியே சுமக்கவும் வேண்டாம். ராகமவிலும் திகனவிலும் அரசாங்கப் புனர்வாழ்வு வைத்தியசாலைகள் உள்ளன. மாங்குளத்தில் 'உயிரிழை' அமைப்பு இருக்கிறது. முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவர்களே ஒன்றுசேர்ந்து உருவாக்கியது அது.

வேலூரில் மேரி வர்கீஸ் என்ற இளம் வைத்தியர் 1954இல் வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே இயக்கம் இழந்தார். சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்குச் சத்திரசிகிச்சை செய்தார். 1966இல் வேலூரில் திறந்த புனர்வாழ்வு நிலையத்துக்கும் அவரே பொறுப்பாக இருந்தார். அவர் மீண்டும் நடக்கவில்லை. ஆனாலும் எத்தனையோ பேரை வாழவைத்தார்.

அந்த அம்மா ஊர் திரும்பிவிட்டார். காணி விற்கப்படவில்லை. முற்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கக்கூஸ் வாசலை இடித்து அகலமாக்க மேசன் வந்துவிட்டார் என்று மகள் சொன்னாள். புண்ணுக்குக் கிளினிக் போகிறார்கள். துண்டுப்பிரசுரத்தை மட்டும் அம்மா எறியவில்லை, உறுதியோடு சேர்த்து றங்குப்பெட்டியில் வைத்திருக்கிறாராம். இருக்கட்டும். ஆராய்ச்சி முன்னேறி உண்மையான மருந்து வரும் நாளில், அதை ஏற்றுக்கொள்ளும் உடம்போடு அந்தப் பிள்ளை இருக்க வேண்டும். அதுவரை அவனுக்கும் தங்கைக்கும் தலைக்கு மேலே ஒரு கூரையும் இருக்க வேண்டும்.

அடுத்த மாதம் சந்திப்போம்.