எந்த எடிட்டரில் எழுதுவது?

தென்காசியிலிருந்து மதுரை போகும் சாலையில் கடையநல்லூரையும் புளியங்குடியையும் கடந்து சற்றுத் தூரம் சென்றால் வாசுதேவநல்லூர். மேற்கே மலைத்தொடர், அதன் அடிவாரத்தில் நெல்லும் கரும்பும் எலுமிச்சையும் விளைகிற பூமி. இப்படிப்பட்ட ஊரில் பிளஸ் டூ முடித்த பையன் ஒருவன் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, "மாமா, வெப்சைட் செய்யப் படிக்கணும். எந்த எடிட்டர் போடலாம்?" என்று இருபது வருஷத்துக்கு முன்பு கேட்டிருந்தால், வீட்டில் யாருக்கும் கேள்வியே விளங்கியிராது. இன்று விளங்குகிறது. பதிலும் தயாராக இருக்கிறது: "எல்லாவனும் எதைப் போடுதானோ அதையே நீயும் போடுல."

மாமாவின் பதில் முழுத் தவறு அல்ல. ஆனால் அது போதாது.

'எடிட்டர்' என்றால் இங்கே பத்திரிகை ஆசிரியர் அல்ல. வலைப்பக்கம் என்பது அடிப்படையில் வெறும் எழுத்து. எது தலைப்பு, எது பத்தி, எங்கே படம் என்று எச்.டி.எம்.எல். குறிகள் சொல்லும். நிறமும் அளவும் எப்படி என்று சி.எஸ்.எஸ். சொல்லும். பொத்தானைத் தட்டினால் என்ன நடக்கவேண்டும் என்று ஜாவாஸ்கிரிப்ட் சொல்லும். இவற்றை எழுதிச் சேமிக்க உதவும் பலகைதான் எடிட்டர். எழுதியதைப் பிரௌசர் படித்துப் பக்கமாகக் காட்டுகிறது.

பலகை எதுவானால் என்ன, எழுத்து நன்றாயிருந்தால் போதாதா என்று கேட்கலாம். தேர்ந்தவனுக்கு அது சரி. ஆரம்பிப்பவனுக்குச் சரியல்ல. சிலேட்டில் எழுதப் பழகும் குழந்தையின் கையில், தானே எழுதிக்கொள்ளும் குச்சியைக் கொடுத்தால் என்ன ஆகும்?

இந்த வட்டாரத்தில் இது வெறும் பொழுதுபோக்குக் கேள்வியும் அல்ல. 2011-ல் ஜோஹோ நிறுவனம் தென்காசிக்கு அருகே மத்தளம்பாறைக் கிராமத்தில் அலுவலகம் திறந்தது. கல்லூரிக்குப் போகாத பிள்ளைகளையும் சேர்த்து, உதவித்தொகை கொடுத்துப் பயிற்றுவிக்கும் பள்ளி ஒன்றையும் அந்த நிறுவனம் நடத்தி வருகிறது. மென்பொருள் வேலை என்றால் சென்னைக்கோ பெங்களூருக்கோ ரயில் ஏறவேண்டும் என்ற எண்ணம் அதனால் சற்று அசைந்திருக்கிறது. பட்டம் கேட்காத இடத்தில் வேறொன்றைக் கேட்பார்கள்: "உனக்கு நிஜமாகவே தெரியுமா?" அந்தக் கேள்விக்கு எடிட்டர் பதில் சொல்லாது, பிள்ளைதான் சொல்லவேண்டும்.

பெரும்பாலோர் கையில் இருப்பது

மாமா சொன்ன "எல்லாவனும் போடுத" எடிட்டர் விஷுவல் ஸ்டூடியோ கோடு. மைக்ரோசாஃப்ட் 2015-ல் வெளியிட்டது, விலை கிடையாது. ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளம் 2024-ல் மென்பொருள் எழுதுவோரிடையே நடத்திய ஆய்வில், பதில் சொன்னவர்களில் நூற்றுக்கு 74 பேர் அதைப் பயன்படுத்துவதாகத் தெரிந்தது. குறிகளுக்கு ஒரு நிறம், எழுத்துக்கு ஒரு நிறம் என்று பிரித்துக் காட்டும். வரிக்கு எண் போடும். பல தவறுகளின் கீழே நெளிகோடு இழுத்து எச்சரிக்கும். உத்தமமான கருவி என்பதில் சந்தேகமில்லை. என்றேனும் ஒரு நாள் இந்தப் பிள்ளையும் அதற்குத்தான் வந்து சேருவான்.

முதல் நாளே அங்கே போவதுதான் பிசகு. அந்த எடிட்டரில் ஓர் ஆச்சரியக்குறியை மட்டும் எழுதி டேப் விசையைத் தட்டினால், வலைப்பக்கத்தின் எலும்புக்கூடு முழுவதும் ஒரு நொடியில் வந்து விழும். பார்ப்பதற்கு மந்திரம் போல் இருக்கும். பயிற்சி நிலையங்கள் சிலவற்றில் முதல் பாடமே இந்த மந்திரம்தான். விழுந்த வரிகளில் ஒன்று, செல்போன் திரையின் அகலத்துக்கு ஏற்பப் பக்கத்தை அமைக்கச் சொல்வது. இன்னொன்று, எழுத்துக்கள் யூ.டி.எஃப்-8 முறையில் உள்ளன என்று அறிவிப்பது. தமிழ் ஒழுங்காகத் தெரிவதற்கு அது அவசியம். மற்றொன்றோ, "இந்தப் பக்கம் ஆங்கிலத்தில் உள்ளது" என்று சொல்கிற வரி.

வாசுதேவநல்லூர்ப் பிள்ளை தன் ஊரைப் பற்றித் தமிழில் எழுதிய பக்கம், தலையிலே "ஆங்கிலம்" என்று பட்டயம் கட்டிக்கொண்டு உலாவுகிறது! கண் தெரியாதவர்களுக்குப் பக்கத்தை வாசித்துச் சொல்லும் மென்பொருள் இந்த வரியைப் பார்த்துத்தான் எந்த மொழியின் உச்சரிப்பில் வாசிப்பது என்று தீர்மானிக்கிறது. மாற்றவேண்டியது இரண்டே எழுத்து. வரியைத் தானே எழுதியவன் மாற்றுவான். தட்டி வரவழைத்தவனுக்கு அப்படியொரு வரி இருப்பதே தெரியாது.

ஒன்றும் தராத நோட்பேட்

விண்டோஸ் கணினிகளில் 1985 முதல் இருந்து வருவது நோட்பேட். குறிகளுக்கு நிறம் கிடையாது, குறித் தவறுகளுக்கு நெளிகோடு கிடையாது, எலும்புக்கூட்டை வரவழைக்கும் மந்திரமும் கிடையாது. தேர்ந்தவர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். முதல் பதினைந்து நாட்களுக்கு அதுவே போதும், அதுவே நல்லது. ஒரு கோணக்குறியை மூடாமல் விட்டால் பக்கம் குலைந்துபோகும். ஏன் குலைந்தது என்று வரி வரியாகத் தேடவேண்டியிருக்கும். அந்தத் தேடலில் கழிகிற அரைமணி நேரம் வீண் அல்ல. படிப்பு அங்கேதான் நடக்கிறது.

ஆனாலும் நோட்பேடில் சில குழிகள் உண்டு. அவற்றை முன்கூட்டியே சொல்லாமல் பிள்ளையை அதில் இறக்கிவிடுவது நியாயமல்ல. கோப்புக்கு எச்.டி.எம்.எல். என்று பெயர் கொடுத்துச் சேமித்தாலும், வகையை "எல்லாக் கோப்புகளும்" என்று மாற்றாவிட்டால், அது பின்னால் 'டி.எக்ஸ்.டி.' என்ற வாலையும் ஒட்டிவிடும். விண்டோஸ் அந்த வாலை வழக்கமாக மறைத்து வைப்பதால் கண்ணுக்குத் தெரியாது. பிரௌசரில் திறந்தால் பக்கத்துக்குப் பதில் எழுதிய குறிகளே அப்படியே வந்து நிற்கும். எத்தனை பிள்ளைகள் இந்த இடத்திலேயே "நமக்கு இது வராது" என்று மூடி வைத்தார்களோ!

மற்றொரு குழி தமிழுக்கே உரியது. பழைய விண்டோஸில் நோட்பேட் தானாகவே 'ஆன்சி' என்ற முறையில் சேமிக்கும். அது ஓர் எச்சரிக்கை கொடுக்கும். படிக்காமல் சரி என்று தட்டினால், எழுதிய தமிழ் அத்தனையும் கேள்விக்குறிகளாக மாறிப் போகும். திரும்ப வராது. 2019-ல் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து யூ.டி.எஃப்-8 முறையே இயல்பாகிவிட்டது. பழைய கணினி வைத்திருப்பவர்கள் மட்டும் சேமிக்கும்போது அதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும்.

வேர்டில் எழுதலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். கூடவே கூடாது. நேரான மேற்கோள் குறியை அது அழகுக்காக வளைத்துவிடும். வளைந்த குறி வந்தால் இணைப்புகள் வேலை செய்யா.

வீட்டில் இருக்கும் கணினி

நகரத்தில் எழுதப்படும் யோசனைகள் மறந்துபோகிற விஷயம் ஒன்று உண்டு. வீட்டில் இருக்கும் கணினி எது? 2011 செப்டம்பரில் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. அக்காள் வாங்கியது தம்பிக்கு வந்து, இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் வீடுகள் உண்டு. விஷுவல் ஸ்டூடியோ கோடு 2022-ஆம் ஆண்டோடு விண்டோஸ் 7-ஐக் கைவிட்டுவிட்டது. சற்றே புதிய கணினியானாலும், நினைவகம் குறைவாக இருந்தால், அந்த எடிட்டரையும் பிரௌசரையும் சேர்த்துத் திறந்தவுடன் மூச்சு வாங்கும். குற்றம் தன்னிடம்தான் என்று பிள்ளை நினைத்துக்கொள்கிறான்.

இத்தகைய வீட்டுக்கு நோட்பேட் பிளஸ் பிளஸ் மிகப் பொருத்தம். டான் ஹோ என்பவர் 2003-ல் வெளியிட்ட இலவச மென்பொருள். சிறியது, பழைய கணினியிலும் சுறுசுறுப்பாக ஓடும். நிறமும் வரி எண்ணும் கொடுக்கும். அரசு ஆரம்பத்தில் கொடுத்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. லினக்ஸ் பக்கம் போகிறவர்களுக்கு ஜீனி என்ற எடிட்டர் இதே அளவு இலகுவானது. செல்போன் மட்டுமே உள்ளவர்களுக்கும் எடிட்டர்கள் கிடைக்கின்றன. கட்டை விரலால் கோணக்குறி தேடும் பொறுமை வேண்டும், அவ்வளவே. விம், ஈமேக்ஸ் என்று சிலர் பயமுறுத்துவார்கள். அவை பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம்.

நிலைப்பது எது?

எடிட்டரிடம் அதிகப் பாசம் வைப்பதும் புத்திசாலித்தனம் அல்ல. கிட்ஹப் நிறுவனம் 2014-ல் கொண்டுவந்த ஆட்டம் என்ற எடிட்டரைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். 2018-ல் கிட்ஹப்பை மைக்ரோசாஃப்ட் வாங்கியது. 2022 டிசம்பரில் ஆட்டத்தின் ஆட்டம் முடிந்தது. அடோபியின் பிராக்கெட்ஸ், வலைப்பக்கம் எழுதுவோருக்கென்றே செய்யப்பட்டது. 2021-ல் அந்த நிறுவனம் அதைக் கைகழுவிற்று. எந்த மெனுவில் எந்தப் பொத்தான் என்று மனப்பாடம் செய்தவர்கள் மறுபடி ஆரம்பித்தார்கள். குறிகளைக் கற்றவர்களோ வேறு பலகையில் அதே எழுத்தைத் தொடர்ந்தார்கள்.

டிம் பெர்னர்ஸ்-லீ ஸ்விட்சர்லாந்தில் உள்ள செர்ன் ஆராய்ச்சிக் கூடத்தில் எழுதிய முதல் வலைத்தளம் 1991-ல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. பின்னர் மீட்டு வைக்கப்பட்ட அந்தப் பக்கம் இன்றைய பிரௌசரிலும் தடையின்றித் திறக்கிறது. அவர் செய்த முதல் பிரௌசரே ஓர் எடிட்டராகவும் இருந்தது என்பது பலருக்குத் தெரியாது. படிக்கிறவன் எழுதவும் வேண்டும் என்பது அவருடைய எண்ணம்.

இப்போது இயந்திரமே எழுதும் காலம் வந்திருக்கிறது. 2021-ல் அறிமுகமான கோபைலட், 2024 டிசம்பர் முதல் விஷுவல் ஸ்டூடியோ கோடு எடிட்டரில் ஓரளவுக்கு இலவசமாகவும் கிடைக்கிறது. அரைவரி எழுதினால் மீதி ஒன்பது வரியை மங்கலாகக் காட்டும். டேப் தட்டினால் அது உங்களுடையது. அலுவலகங்களில் பலரும் அதை உபயோகிக்கும்போது மாணவன் மட்டும் ஏன் கூடாது என்று வாதிப்போர் உண்டு. அலுவலகத்தில் இருப்பவனுக்கு அந்த ஒன்பது வரியில் தவறான வரி எது என்று படித்துச் சொல்லத் தெரியும். நேற்று ஆரம்பித்த பிள்ளைக்குத் தெரியாது. அவனுக்கு அது தவறு என்றே தோன்றாது. அமைப்புகளில் அதை அணைத்து வைக்க வழி இருக்கிறது. முதல் சில மாதங்கள் அணைந்தே கிடக்கட்டும்.

ஆக, வாசுதேவநல்லூர்ப் பையன் இன்றிரவு நோட்பேடைத் திறந்து, மாமாவின் எலுமிச்சைத் தோட்டத்தைப் பற்றி நாலு வரி எழுதட்டும். இணைய இணைப்புக்கூட வேண்டாம். கோப்பை மாமாவின் செல்போனுக்கு அனுப்பினால், அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "என்னல, எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி இருக்கு?" என்பார். திரை அகலத்தைச் சொல்லும் அந்த ஒரு வரி விட்டுப் போயிருக்கும். அதை அவனே தேடிக் கண்டுபிடித்து எழுதிச் சேர்க்கட்டும். அதற்கப்புறம் எந்த எடிட்டரை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளட்டும்.