ஒரே வருஷம், ஒரே பேரு, வேற வேற இன்ஜின்: 2010 புல்லட் வாங்கப் போறீங்களா பாஸ்?

ஞாயிற்றுக்கிழமை காலையில் கீழக்குயில்குடி பக்கம் போனால் ஒரு காட்சி நிச்சயம். சமணர் மலை அடிவாரம், அய்யனார் கோயில், தாமரைக் குளம், ஆலமர நிழல், அதில் வரிசையாக நிற்கும் பைக்குகள். மதுரையிலிருந்து தேனி ரோட்டைப் பிடித்தால் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். அதனால் காலை ரைடுக்கு இதைவிட நல்ல சாக்கு கிடையாது. அந்த வரிசையில் இரண்டு புல்லட்டுகள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கலாம். இரண்டு ஆர்.சி-யிலும் 2010 என்றே இருக்கலாம். ஆனால், ஒன்றின் பார்ட்ஸ் இன்னொன்றுக்குச் சேரவே சேராது. ஏன்னா, இரண்டும் ஒரே வண்டி இல்லை.

செகண்ட் ஹேண்டில் புல்லட் தேடும் நிறைய பேர் சறுக்குகிற இடம் இதுதான். அதுவும் இப்போது இந்த வயசு வண்டிகள் விற்பனைக்கு வருவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் இன்ஜின் கதை.

1955-ல் மெட்ராஸில் புல்லட் தயாராக ஆரம்பித்ததிலிருந்து அரை நூற்றாண்டுக்கும் மேல் ஓடியது காஸ்ட் அயர்ன் இன்ஜின். நம்ம ஊர் மெக்கானிக்குகளுக்கு அது மனப்பாடம். இடையில், ஆஸ்திரியாவின் ஏ.வி.எல் நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கிய அலுமினிய இன்ஜின் வந்தது. தண்டர்பேர்டு ஓட்டியவர்களுக்குத் தெரியும். பிறகு, இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டுக்குள் இருக்கும் யு.சி.இ இன்ஜின். 2009 கடைசியில் கிளாசிக் வந்ததும் இதற்குத்தான் மவுசு. 2010 ஏப்ரலில் டூவீலர்களுக்கு பி.எஸ்-3 புகை விதி நாடு முழுக்க அமலானது. பழைய இன்ஜின்கள் விடைபெற்றன. ஆனால், இந்த மாற்றம் ஒரே ராத்திரியில் நடந்துவிடவில்லை. 2009, 2010-ல் ஷோரூமுக்குப் போனவருக்கு எது கிடைத்தது என்பது மாடலையும் மாசத்தையும் ஸ்டாக்கையும் பொறுத்தது. எலெக்ட்ரா என்ற பெயரில் காஸ்ட் அயர்னும் உண்டு, யு.சி.இ ட்வின்ஸ்பார்க்கும் உண்டு. 350 மாடல்கள் எல்லாமே 346 சிசி என்பதால் பேப்பரைப் பார்த்தும் குழம்பலாம்.

கண்டுபிடிப்பது ஒன்றும் கஷ்டமில்லை. வண்டிக்குப் பக்கத்தில் குத்தவைத்துப் பாருங்கள். இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் சந்து தெரிந்தால் அது காஸ்ட் அயர்ன் அல்லது ஏ.வி.எல். ஒரே கட்டியாக இருந்து, ஹெட்டில் இரண்டு பிளக் இருந்தால் 350 யு.சி.இ. நாலு கியர் காஸ்ட் அயர்னில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். அதன்பிறகு வந்த அஞ்சு கியரில் கியர் இடது காலுக்கு மாறிவிட்டது. பல்சரோ அப்பாச்சியோ ஓட்டிப் பழகிய கால், அவசரத்துக்கு வலது பெடலை மிதித்தால் வண்டி நிற்காது, கியர்தான் மாறும். டெஸ்ட் ரைடு போகும்போது ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வித்தியாசம் ஒர்க் ஷாப்பில்தான் உறைக்கும். காஸ்ட் அயர்னில் இன்ஜினுக்கு ஒரு ஆயில், கிளட்ச் பக்கத்துக்கு ஒன்று, கியர்பாக்ஸுக்கு ஒன்று. மூன்றையும் தனித்தனியாகப் பார்க்கணும். டேப்பெட்டைக் கையால் அட்ஜஸ்ட் பண்ணணும். அதற்கு ஸ்பானர் மட்டும் போதாது, காதும் வேணும். யு.சி.இ-யில் எல்லாவற்றுக்கும் ஒரே ஆயில். ஹைட்ராலிக் டேப்பெட் என்பதால் அட்ஜஸ்ட்மென்ட்டே இல்லை. சந்தோஷம்தான். ஆனால், இதில் இக்னிஷன் எலெக்ட்ரானிக் சமாசாரம். பிளாட்டினம் பாயின்ட் வைத்த பழைய வண்டி வழியில் நின்றால் உப்புத்தாளால் தேய்த்துவிட்டு வீடு வந்து சேரலாம். எலெக்ட்ரானிக் யூனிட் போனால் டாடா ஏஸைத்தான் கூப்பிடணும். செல்ஃப் ஸ்டார்ட் போடும்போது கரகரவென்று அரைக்கிற சத்தம் வந்தால் ஸ்பிராக் கிளட்ச் தேய்ந்திருக்கலாம். அதையும் விலையில் கழித்துப் பேசுங்கள்.

எது பெஸ்ட் என்று கேட்டால், என் பார்வையில், தினமும் ஆபீஸ் போக யு.சி.இ. காஸ்ட் அயர்ன் வேண்டுமென்றால் முதலில் மெக்கானிக்கைப் பிடியுங்கள், அப்புறம் வண்டியைப் பிடிக்கலாம். டேப்பெட் சத்தத்தைக் கேட்டே நோயைச் சொல்கிற ஆட்களுக்கு வயசாகிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளும் பையன்கள் கம்மி. ஸ்பேர் பார்ட்ஸையாவது எங்கேயாவது தேடி வாங்கிவிடலாம். அந்தக் காதை எங்கே போய் வாங்குவது?

இப்போது, நான் தள்ளிவைத்த காரணம். சொந்த உபயோக வண்டிக்கு ஆர்.சி 15 வருடம்தான் செல்லும். 2010-ல் பதிவான வண்டிகளுக்கு அது 2025-ல் முடிந்துவிட்டது. 2011 வண்டிகளுக்கு 2026. பிறகு ஆர்.டி.ஓ ஆபீஸில் வண்டியைக் காட்டி, ஐந்து வருடத்துக்குப் புதுப்பிக்கணும். 2022 ஏப்ரலிலிருந்து பைக்குகளுக்கான இந்தக் கட்டணம் 300 ரூபாயிலிருந்து 1,000 ஆனது. 2025 ஆகஸ்ட்டில், 20 வருடம் தாண்டிய பைக்குகளுக்கு 2,000 ஆக்கிவிட்டார்கள். தாமதித்தால் மாசத்துக்கு 300 ரூபாய் கூடுதல் என்கிறது மத்திய விதி. தமிழ்நாட்டின் பசுமை வரி தனி. தொகை பெரிசில்லை, அலைச்சல்தான் பெரிசு. அந்த அலைச்சலை உங்கள் தலையில் கட்டிவிடத்தான் சிலர் இந்த நேரம் பார்த்து விற்கிறார்கள் என்பது என் கணிப்பு.

சட்டம் பார்ப்பது தேதியை மட்டும். பத்துப் பைசா புகை விடாமல் பராமரித்த வண்டிக்கும், கொட்டகையில் துருப்பிடித்த வண்டிக்கும் அதே 15 வருடம். டெல்லியில் இன்னும் கடுமை. 15 வயசு தாண்டிய பெட்ரோல் வண்டிகளுக்கு 2018-லேயே உச்ச நீதிமன்றம் தடை போட்டது. அந்த மாதிரி வயசுத் தடை இங்கே இல்லை. ஆனால், ஆய்வில் சேஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் ஆர்.சி-யோடு ஒத்துப்போகணும். பழைய புல்லட்டுகளில் இன்ஜினையே மாற்றிப் போட்டு ஓட்டுவது சகஜம். அதை ஆர்.சி-யில் ஏற்றியிருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் வேண்டாம். ஆர்.சி செத்த வண்டி விபத்தில் மாட்டினால் இன்ஷூரன்ஸிலும் சிக்கல்.

அடுத்த தலைவலி பெட்ரோல். 2025-லிருந்து பெரும்பாலான பங்க்குகளில் கிடைப்பது 20 சதவிகிதம் எத்தனால் கலந்த இ-20தான். பழைய வண்டிகளில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டையும் மாற்ற வேண்டியிருக்கலாம் என்று பெட்ரோலிய அமைச்சகமே சொன்னது. மலிவான வேலைதான் என்றும் சேர்த்துச் சொன்னது. புது வண்டியில் சென்சார் பார்த்துப் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும். கார்புரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது. எத்தனாலில் ஆக்ஸிஜன் இருப்பதால் கலவை லீனாகி, இன்ஜின் வழக்கத்தைவிட சூடாகலாம். ஜெட்டை ஒரு சைஸ் கூட்டணுமா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். பெட்ரோல் டியூப், டேப் வாஷர், கார்புரேட்டர் கிட் மூன்றையும் வாங்கின கையோடு மாற்றிவிடுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும். வாரக்கணக்கில் வண்டியை நிறுத்திவைத்தால் டேங்க்கின் அடியில் தண்ணீர் தங்கி, உள்ளே துரு ஏறும்.

இன்னொரு கணக்கும் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையான பைக்குகளுக்கு ஜி.எஸ்.டி 28-லிருந்து 18 சதவிகிதமானது. புது 350 மாடல்களின் விலையை 22,000 ரூபாய் வரை குறைப்பதாக ராயல் என்ஃபீல்டு அறிவித்தது. ஆகவே, பழைய வண்டிக்காரர் 'வின்டேஜ் பாஸ்' என்று விலையை ஏற்றும்போது இதைச் சொல்லுங்கள். 2010 வண்டி வின்டேஜ் இல்லை. இந்தியாவில் அந்தப் பட்டத்துக்கான பதிவு வாங்க 50 வயசு தாண்டணும்!

இதே குழப்பம் அடுத்த தலைமுறைக்கும் காத்திருக்கிறது. பி.எஸ்-6-க்காக 2020 ஜனவரியில் கிளாசிக் 350-ன் யு.சி.இ இன்ஜினில் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வந்தது. 2021 செப்டம்பரில் அந்த இன்ஜினே போய், ஜே சீரிஸ் வந்துவிட்டது. நடுவில் இருபது மாதம் மட்டும் வந்த வண்டி அது. இப்போது யூஸ்டு மார்க்கெட்டில் கிடைக்கிறது. வாங்குவதாக இருந்தால், அதன் இன்ஜெக்‌ஷன் பாகங்கள் கைக்குக் கிடைக்கிறதா என்று ஸ்பேர்ஸ் கடையில் இன்ஜின் நம்பரைக் காட்டி விசாரித்துவிட்டு, அப்புறம் அட்வான்ஸ் கொடுங்கள்.